உப்பல் ரோடும் ஒரு கட்டுவிரியனும்

சிகந்தராபாத்திலிருந்து உப்பலுக்கு பஸ்ஸில் வருகிறவர்கள் தார்நாகா வந்ததும் சற்று வெளியே பாருங்கள். ஐ.ஐ.சி.டி. என்ற ரசாயன ஆய்வகம், சி.சி.எம்.பி. என்ற உயிரியல் மையம், பூமியின் உட்புறத்தை ஆராயும் என்.ஜி.ஆர்.ஐ. என்று மூன்று பெரிய நிலையங்கள். மூன்றும் சி.எஸ்.ஐ.ஆர். குடும்பம். நம் பிள்ளைகள் பலர் இந்த வாசல்களைத் தாண்டித்தான் காலேஜுக்குப் போகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், "ஏதோ ரிசர்ச்" என்பதோடு சரி.

இந்தக் குடும்பத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர் தமிழர். 1940-ல் வைஸ்ராய் நிர்வாக சபையில் வர்த்தக உறுப்பினராக இருந்த சர் ஆற்காடு ராமசாமி முதலியார். யுத்த காலம், வெளியிலிருந்து சாமான் வருவது நிச்சயமில்லை. தொழில் ஆராய்ச்சிக்கென ஒரு போர்டு அமைத்து, அதை நடத்த லாகூரிலிருந்து சாந்தி ஸ்வரூப் பட்நாகரை அழைத்து வந்தார். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் ஒதுக்கீடு. 1942-ல் அது சி.எஸ்.ஐ.ஆர். ஆயிற்று. விஞ்ஞானம் தெரிந்தவரும் கஜானாவின் வழி தெரிந்தவரும் ஒருவரையொருவர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் அஸ்திவாரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பணம் கொடுப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "இதனால் என்ன பிரயோஜனம்?" ரயில்வேயில் பாலம் கட்ட எஸ்டிமேட் போட்டால் எத்தனை டன் இரும்பு, எத்தனை மாதம் என்று எழுதிவிடலாம். ஆராய்ச்சிக்கு அப்படி எழுத முடியாது.

லால்ஜி சிங் கதையைக் கேளுங்கள். உத்தரப் பிரதேச கிராமத்துப் பிள்ளை. காசியில் படிக்கும்போது அவர் எடுத்துக்கொண்டது பாம்புகளின் குரோமோசோம். பாம்பில் ஆண் எது, பெண் எது என்பதைத் தீர்மானிப்பது எது என்ற கேள்வி. இதற்கு யார் பணம் தருவார்கள்? பிறகு எடின்பரோவில் இருந்தபோது, ஒரு வகைக் கட்டுவிரியனின் டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டைப் பிரித்தெடுத்தார்கள். அது மனிதரிடமும் இருந்தது. ஆளுக்கு ஆள் வேறுபட்டது. சி.சி.எம்.பி.யை உருவாக்கிய புஷ்ப மித்ர பார்கவா 1987-ல் அவரை ஹைதராபாத்துக்கு அழைத்துக்கொண்டார். மறு வருடமே, பாம்பிலிருந்து வந்த அந்தத் துண்டைக் கொண்டு மனிதரை அடையாளம் காணும் முறை தயார். இங்கிலாந்தில் ஜெஃப்ரீஸ் 1984-ல் கண்ட வழிக்கு நம் சொந்த மாற்று. 1989-ல் தலைச்சேரி நீதிமன்றத்தில் ஒரு குழந்தையின் தகப்பன் யார் என்ற வழக்கு இதனால் தீர்ந்தது. 1991 ஸ்ரீபெரும்புதூர் வழக்கிலும் இந்த முறை உதவியது. இதற்கென்றே தொடங்கிய சி.டி.எஃப்.டி. இன்று உப்பலிலேயே இருக்கிறது. காசியில் யாராவது "பாம்பு நாட்டுக்கு எதற்கு?" என்று ஃபைலைத் திருப்பியிருந்தால் இதில் எதுவும் இல்லை.

பயன் தெரிந்தே செய்வதும் வேண்டும், மறுக்கவில்லை. எய்ட்ஸுக்கு 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஏ.இசட்.டி. மருந்து நம்மவருக்கு எட்டாத விலை. ஐ.ஐ.சி.டி.யில் ஏ.வி. ராமராவ் தலைமையில் அதைத் தயாரிக்க வேறு வழி கண்டார்கள். சிப்லா கம்பெனி 1993-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தயாரிப்பு முறைக்கு மட்டும் பேடண்ட் தந்த 1970-ம் வருடச் சட்டம் அன்று துணை நின்றது. 2001-ல் அதே சிப்லா மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபோது, மேல்நாட்டு விலை 10,000 டாலருக்கு மேல்.

இன்று நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 2023-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டப்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் வந்திருக்கிறது. ஐந்து வருடத்தில் 50,000 கோடி என்பது திட்டம். அதில் பெரும்பங்கு தனியாரிடமிருந்து வரவேண்டும். வரட்டும், நல்லதுதான். மருந்துக்கும் பாட்டரிக்கும் கம்பெனிகள் கொடுக்கும். அடுத்த பாம்புக் கேள்விக்கு அவர்கள் கொடுப்பார்களா? அதற்கு அரசாங்கப் பணத்தில் ஒரு பங்கை, ஐந்து வருடம் கணக்குக் கேட்காமல் ஒதுக்கிவைக்கும் தைரியமுள்ள தலைவர் வேண்டும். பார்கவா போல ஆளைப் பார்த்து எடுக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லால்ஜி சிங் போன்றவர்கள் எடின்பரோவிலேயே தங்கிவிடுவார்கள்.

சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளான செப்டம்பர் 26-ஐ ஒட்டி இந்த நிலையங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது வழக்கம். முன்கூட்டி விசாரித்துக்கொண்டு பேரன் பேத்திகளை அழைத்துப் போங்கள். உப்பல் பஸ்ஸிலேயே இறங்கிக்கொள்ளலாம்.