மிகையேற்ற எஞ்சினும் முசலத் தெரிவும்

பெற்றோல் எஞ்சின் ஒன்றின் வலுவைக் கூட்ட விழைவோர்க்கு இரு வழிகள் உண்டு. எஞ்சினைப் பெரிதாக்கல் ஒன்று. இருக்கும் எஞ்சினுள்ளேயே கூடுதலான வளியைத் திணித்தல் மற்றொன்று. பின்னையதையே மிகையேற்றம் என்கிறோம். டர்போ போன்ற ஒரு பம்பி, உள்ளெடுக்கப்படும் வளியின் அமுக்கத்தை வளிமண்டல அமுக்கத்தின் இருமடங்காக்கி, அவ்வளி குளிர்விக்கவும் படுமாயின், ஏறத்தாழ இருமடங்கு வளி உருளையுட் புகும். அதற்கேற்ற எரிபொருளும் புகும். இதனால் மிகும் அமுக்கத்தையும் வெப்பத்தையும் நேர்நின்று தாங்குவது, வழக்கிலே பிஸ்டன் எனப்படும் முசலமாகும். எனவே, மிகையேற்றம் செய்வதாயின் காய்ச்சியடித்த முசலங்களை வாங்கிப் பூட்டுதல் வேண்டும், அதுவே போதும் என்றதொரு கருத்து பட்டறைகளிலே வேரூன்றியுள்ளது. இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

முசலங்கள் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தாலானவை. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி ஆறவிடுவது வார்ப்பு முறை. சூடாக்கிய திண்மக் கட்டியைப் பேரமுக்கத்தில் அச்சினுள் நெரித்து உருவாக்குவது காய்ச்சியடிக்கும் முறை. வார்ப்பிலே நுண்ணிய வெற்றிடங்கள் எஞ்சக்கூடும். தேய்மானத்தைக் குறைக்கச் சேர்க்கப்படும் மிகுதியான சிலிக்கன் அதனை நொறுங்கும் இயல்புடையதாக்கும். காய்ச்சியடித்தலில் வெற்றிடங்கள் நெரிந்து மூடப்படுகின்றன. உலோகத்தின் மணியுருக்கள் பொருளின் வடிவத்தைத் தழுவி நீள்கின்றன. ஆகவே அடி விழும்போது வார்ப்பு முசலம் வெடித்துச் சிதறுமிடத்து, காய்ச்சியடித்த முசலம் ஓரளவு நெளிந்து கொடுக்கும்.

இவ்வளவோடு நிறுத்துவோமாயின் மேற்கூறிய கருத்துச் சரியென்றே தோன்றும். ஆனால் நம் தெருக்களில் ஓடும் டீசல் லொறிகளையும் பஸ்களையும் கருதுக. அவற்றுட் பல டர்போ பூட்டியவை. அவற்றின் முசலங்களோ பெரும்பாலும் வார்ப்பு அலுமினியத்தாலானவை. மேல் வளையம் அமரும் பள்ளத்தில் இரும்புக் கலப்புலோக வளையமொன்றை வார்ப்போடு பதித்து அவ்விடத்தை வலுப்படுத்துவர். அவை இலட்சக்கணக்கான கிலோமீற்றர் உழைக்கின்றன. ஆதலால் மிகையேற்றம் என்ற ஒன்றே காய்ச்சியடித்த முசலத்தை வேண்டி நிற்பதில்லை. எத்தகைய வேலை, எத்தகைய ஆபத்து என்பனவே தெரிவைத் தீர்மானிக்கின்றன.

காய்ச்சியடித்த முசலம் என்பதும் ஒரே பொருளன்று. இன்று வழங்கும் கலப்புலோகங்களுள் இரண்டு முதன்மையானவை. 4032 என்னும் எண்ணுடையதில் ஏறத்தாழ 12 சதவீதம் சிலிக்கன் உண்டு. 2618 என்பதிலோ சிலிக்கன் மிக அற்பம்; செப்பு, மகனீசியம், இரும்பு, நிக்கல் ஆகியன அதற்கு உயர் வெப்பநிலையிலும் குன்றாத உறுதியை நல்குகின்றன. வெப்பத்தால் ஒரு மீற்றர் நீளம் பாகைக்கு விரிவது 4032இல் ஏறத்தாழ 19 மைக்கிரோமீற்றர், 2618இல் 22. விட்டம் 86 மில்லிமீற்றர் கொண்ட முசலமொன்று 200 பாகை சூடேறுமாயின், முன்னையது 0.33 மில்லிமீற்றரும் பின்னையது 0.38 மில்லிமீற்றரும் விரியும். வேறுபாடு 0.05 மில்லிமீற்றரே. ஆயினும் முசலத்துக்கும் உருளைச் சுவருக்கும் இடையே விடப்படும் இடைவெளியே இவ்வளவினதாகையால், இது புறக்கணிக்கத்தக்கதன்று. 2618 முசலத்துக்குக் குளிர்நிலையில் கூடிய இடைவெளி விடல் வேண்டும். அதனால் எஞ்சின் சூடேறும்வரை முசலம் சுவரில் மோதி ஒலிக்கும், தேய்மானமும் மிகும். நாள்தோறும் குறுந்தூரம் ஓடும் வாகனத்துக்கு, மிகையேற்றம் மிதமானதாயின், 4032 தகும். நீடித்த உயர் அமுக்கத்தில் ஓடும் பந்தய எஞ்சினுக்கு 2618 தகும். மிக உறுதியானது எதுவோ அதுவே மிகச் சிறந்தது என்பது இங்கே பொருந்தாது.

வரலாறு தரும் சான்றொன்றையும் நோக்குவோம். றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் மேர்லின் விமான எஞ்சின் 12 உருளைகளும் 27 லீற்றர் கொள்ளளவும் உடையது, மிகையேற்றப்பட்டது. அதன் முசலங்கள் ஆர்.ஆர். 59 என்னும் கலப்புலோகத்தைக் காய்ச்சியடித்து ஆக்கப்பட்டவை. இன்றைய 2618 அதே ஆர்.ஆர். குடும்பத்தின் வழித்தோன்றல், கொன்கோட் விமானத்தின் உடலும் அக்குடும்பத்து ஆர்.ஆர். 58 ஆலேயே அமைந்தது. இத்தகு முசலங்கள் இருந்தும், 87 ஒக்டேன் எரிபொருளில் அவ்வெஞ்சினின் மிகையேற்றம் சதுர அங்குலத்துக்கு 6¼ இறாத்தலுக்கு மேற்செல்ல விடப்படவில்லை. 1940இல் 100 ஒக்டேன் எரிபொருள் வழங்கப்பட்ட பின்னரே அது 12 இறாத்தலாக உயர்ந்தது. வலு ஏறத்தாழ 1030 பரிவலுவிலிருந்து 1310 ஆயிற்று. எல்லையை வகுத்தது முசலம் அன்று, எரிபொருளே என்பது இதனால் தெளிவு.

காரணம் யாது? தீப்பொறியிலிருந்து பரவும் சுவாலை எட்டுமுன்னரே, எஞ்சிய கலவை அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் தானாகப் பற்றி வெடிப்பதுண்டு. இதனைத் தட்டல் என்பர். இது முசலத்தின் மேற்பரப்பை அரிக்கும். வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்புகளை உடைக்கும். காய்ச்சியடித்த முசலம் இத்தாக்குதலைச் சில காலம் பொறுக்கும். தட்டலை அதனால் நிறுத்த இயலாது. தட்டலைத் தடுப்பவை தக்க எரிபொருள், உரிய நேரத்துப் பொறி, உள்ளெடுக்கும் வளியின் குளிர்ச்சி, குறைந்த நெருக்கல் விகிதம் ஆகியன. ரொயோட்டாவின் 2ஜேஇசட் எஞ்சினில் டர்போ அற்ற வகையின் நெருக்கல் விகிதம் 10 ஆகவும், டர்போ பூட்டிய வகையினது 8.5 ஆகவும் இருந்தமை இதனாலேயே. முசலத் தலையைச் சிறிது குழித்தமைத்தால் இவ்விகிதம் குறையும். ஆகவே தெரிவின்போது உலோகத்தோடு தலையின் வடிவத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

இன்னொரு பிழையும் முசலத்தின் மேல் ஏற்றப்படுவதுண்டு. 86 மில்லிமீற்றர் விட்டமுள்ள மேல் வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 270 மில்லிமீற்றர். அவ்விரும்பு வளையம் உருளைச் சுவரிலும் 50 பாகை மேலாகச் சூடேறின், அதன் முனைகளுக்கு இடைப்பட்ட வெளி 0.15 மில்லிமீற்றர் சுருங்கும். மிகையேற்றத்துக்கேற்ப வெளியைக் கூட்டாது விட்டால் முனைகள் முட்டும். வளையம் இறுகி முசல விளிம்பைப் பிய்க்கும். அப்பொழுது உடைவது முசலம், பிழைத்ததோ அளவு.

ஆகவே தெரிவின் ஒழுங்கு பின்வருமாறு அமைதல் தகும். எஞ்சின் செய்யவேண்டிய வேலையை முதலில் வரையறுத்தல். கிடைக்கும் எரிபொருளுக்கு ஏற்ற மிகையேற்றத்தையும் நெருக்கல் விகிதத்தையும் முடிவு செய்தல். அதன்பின் கலப்புலோகத்தைத் தெரிதல். இறுதியாக, செய்தோர் தரும் அட்டவணைப்படி இடைவெளிகளை அளந்து பூட்டுதல். விற்பனையாளர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, விலைகூடிய பொருளை முதலில் நம் கையில் தருவர். உறுதி என்பது பொருளிடத்து மட்டும் உறைவதன்று. பொருளுக்கும் அது செய்யும் வேலைக்கும் இடையிலான உறவிலேயே அது பிறக்கின்றது. இதனை அறிந்து நுண்மானியைக் கையிலெடுக்கும் தொழிலாளி, அறியாது பணத்தைக் கொட்டும் உரிமையாளரிலும் நல்ல எஞ்சினை ஆக்குவார் என்பதில் ஐயமில்லை.