மழையிலும் காய்ந்த அப்பளம்

தாராவிச் சந்துகளில் நடந்து பாருங்கள். கூடைகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் அப்பளம் காய வைத்திருப்பார்கள். வெயில் அடித்தால் வேலை நடக்கும். மழை வந்தால் என்ன செய்வது?

இதே கவலை ஏழு பெண்களுக்கும் வந்தது. அவர்கள் கதையைக் கேளுங்கள்.

மும்பையில் கிர்காவ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே 1959 மார்ச் 15 அன்று, ஏழு பெண்கள் ஒரு மொட்டை மாடியில் கூடினார்கள். கடன் வாங்கிய 80 ரூபாய்தான் முதல். அன்று நான்கு பாக்கெட் அப்பளம் செய்தார்கள். நஷ்டம் வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்று முடிவு செய்தார்கள்.

மழைக்காலம் வந்தது. அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலை நின்றது. கூலியும் நின்றது.

அவர்கள் மனம் தளரவில்லை. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பினார்கள். அடியில் ஸ்டவ்வை வைத்தார்கள். மழையிலும் அப்பளம் காய்ந்தது!

முதலில் உயர்ந்த தரம், மலிவான தரம் என்று இரண்டு வகை செய்தார்கள். சகன்லால் பாரேக் என்ற பெரியவர் அவர்களுக்கு வழி காட்டினார். "ஒரே தரமாக, நல்லதாகச் செய்யுங்கள். கணக்கை ஒழுங்காக எழுதுங்கள்" என்பது அவர் சொன்ன யோசனை. அப்படியே செய்தார்கள்.

ஆட்கள் பெருகினார்கள். மாடியில் இடம் போதவில்லை. பிசைந்த மாவை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். பெண்கள் வீட்டிலேயே அப்பளம் இட்டுக் கொண்டுவந்தார்கள். அதை எடை போட்டு வாங்கினார்கள்.

அதுதான் லிஜ்ஜத் அப்பளம். இன்று அதில் 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் உறுப்பினர்கள். ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எல்லாவற்றையும் அவர்கள் ஒரே நாளில் மாற்றவில்லை. ஒரு குறையைக் கண்டார்கள். அதைச் சரி செய்தார்கள். பிறகு அடுத்த குறைக்குப் போனார்கள்.

நம்மாலும் முடியும். இட்லி விற்கும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் இட்லி மிஞ்சுகிறது. எந்தக் கிழமை எத்தனை மிஞ்சியது என்று நோட்டில் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் அதிகம் என்று தெரிகிறது. அன்று மாவைக் குறைக்கிறார். நஷ்டமும் குறைகிறது.

நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றிருக்கிறீர்கள். இன்று இரவு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். இன்று எது நம் வேலையைக் கெடுத்தது? நாளை எதை மாற்றலாம்?

ஒரு வாரம் கழித்து எடுத்துப் படியுங்கள். பலன் இருந்தால் தொடருங்கள். இல்லையென்றால் குழுவில் பேசி வேறு வழி தேடுங்கள்.