டிரெய்லர் பிரேக் ஏன் பிடிப்பதில்லை?

அமெரிக்காவில் கார்கள் இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கை இயக்குவது மின்காந்தம்தான். பெடலை மிதித்ததும் காரிலுள்ள கன்ட்ரோலர் நீலக் கம்பி வழியே மின்சாரம் அனுப்பும். காந்தம், சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொள்ள, அந்தச் சுழற்சியே அதை இழுத்து நெம்புகோலைத் தள்ளும். பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மை அழுத்தும்.

பிடிக்காவிட்டால் பலரும் முதலில் சக்கரத்தைக் கழற்றுவார்கள். பெரும்பாலும் வீண் வேலை; கோளாறு மின் இணைப்பில் இருக்கும். ஒரு காந்தத்துக்குச் சுமார் 3 ஆம்பியர் வேண்டும். இரண்டு அச்சு, நான்கு காந்தம் என்றால் 12. களிம்பேறிய எர்த் இணைப்பு அவ்வளவைக் கடத்தாது. ஆனால் மின்னோட்டமே இல்லாத கம்பியில் வைத்த வோல்ட்மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும்! காந்தங்களை இணைத்தபடியே, பிரேக்கை இயக்கி அளக்க வேண்டும். வோல்ட் சரிந்தால் 7 முனை பிளக்கையும் வெள்ளை எர்த் கம்பியையும் சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள்.