தச்சரின் மின்கருவிகளும் கருவிப் பெட்டியும்

கிராமப் பொருளாதாரத்தில் உழவருக்கு அடுத்தபடியாக இன்றியமையாத இடம் பெற்றிருந்தவர்கள் தச்சரும் கொல்லரும் ஆவர். கொங்கு நாட்டுக் கிணறுகளில் காளைகளைப் பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்தில், கவலை உருளையும், கலப்பையும், நுகத்தடியும், பார வண்டியும் தச்சரின் கையால் உருவாயின. சென்னிமலையிலும் பவானியிலும் நெசவாளர் அமர்ந்து நெய்த தறிகளும் அவர் கைவேலையே. அவருக்குரிய கூலி பெரும்பாலும் அறுவடைக் களத்தில் தானியமாக அளந்து தரப்பட்டது.

இன்று நிலைமை வேறு. கவலையின் இடத்தை மின்சார பம்பு செட்டும், கலப்பையின் இடத்தை டிராக்டரும் பிடித்துக்கொண்டன. வாசற்கால், கதவு, சன்னல், கட்டில், அலமாரி, சமையலறைப் பலகை வேலை ஆகியவையே இப்போது கிராமத் தச்சரின் பிழைப்பு. கூலியும் சதுர அடிக் கணக்கில் ரொக்கமாகக் கிடைக்கிறது. குறித்த நாளில், குறித்த அளவில் வேலையை முடித்துத் தருபவரையே வீடு கட்டுவோர் மீண்டும் அழைக்கின்றனர். இதனால் மின்சாரத்தால் இயங்கும் கைக்கருவிகள் தச்சருக்கு அவசியமாகிவிட்டன.

தக்க கருவி இல்லாமையால் வேலையை இழப்பவர் உண்டு. தேவைக்கு மேல் கருவி வாங்கித் தவணைக் கடனில் சிக்குபவரும் உண்டு. இவ்விரு கேடுகளுக்கும் இடையே நடுவழி ஒன்று இருக்கிறது. அதனைத் தச்சர் மட்டுமன்றி, அவருக்கு வேலை தரும் விவசாயிகளும், அவருக்குக் கடன் வசதி தேடித் தர முயலும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் நலம்.

மின்கருவி வந்த வரலாறு

கையில் பிடித்து இயக்கும் மின்சாரத் துளைப்பானை 1895ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனத்தார் செய்தனர். துப்பாக்கியைப் போல் பிடித்து, விரலால் விசையை அழுத்தி இயக்கும் அமைப்புக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917இல் காப்புரிமை பெற்றது. ஜப்பானின் மகிட்டா நிறுவனம் 1958இல் மின்சார இழைப்புளியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இவ்வாறு துரப்பணம், ரம்பம், இழைப்புளி ஆகிய பழங்கருவிகள் ஒவ்வொன்றும் மோட்டார் பூட்டப்பெற்று வந்தன.

கொங்கு நாட்டாருக்கு மோட்டார் புதிய பொருளன்று. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியிலிருந்து பைகாரா மின்சாரம் கோவையை வந்தடைந்தது. 1937இல் ஜி. டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினர். பம்பு செட்டும் மாவரைக்கும் கிரைண்டரும் கோவையின் அடையாளங்களாயின. அதன் பயனாக, மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் சிறு பட்டறைகள் இப்பகுதியின் ஊர்கள் பலவற்றில் உள்ளன. கருவி வாங்கும்போது இவ்வசதியைத் தச்சர் நினைவில் வைக்க வேண்டும். அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

சேகரிக்கும் ஆசை எவ்வாறு பிறக்கிறது?

உலகெங்கும் தச்சரிடையே உயர்ரகக் கருவிகளைச் சேகரிக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. ஒரே நிறுவனத்தின் கருவிகளை ஒரே நிறத்தில் வரிசையாக வைத்துப் பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கிறது. நல்ல உளியைக் கண்டால் கையிலெடுத்துப் பார்க்காத தச்சர் யார்? இந்த ஆசையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எனினும் அதன் பின்னே உள்ள வியாபார முறையை அறிந்துகொள்ள வேண்டும்.

பாட்டரியால் இயங்கும் கருவிகளில், ஒரு நிறுவனத்தின் பாட்டரி பொதுவாக மற்றொரு நிறுவனத்தின் கருவிக்குப் பொருந்துவதில்லை. முதலில் ஒரு துளைப்பானை இரண்டு பாட்டரிகளுடனும் சார்ஜருடனும் வாங்கியவர், அடுத்த கருவியைப் பாட்டரி இல்லாமல் குறைந்த விலைக்கு அதே நிறுவனத்திடம் பெறலாம். ஆகவே முதற்கருவி அடுத்த கருவியை அழைக்கிறது. அது மூன்றாவதை அழைக்கிறது.

பெட்டியும் அவ்வாறே. 1993இல் ஜெர்மனியில் சிஸ்டைனர் என்னும் பெட்டி வெளிவந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டினால் முழு அடுக்கையும் ஒரே பொருளாகத் தூக்கிச் செல்லலாம் என்பது அதன் சிறப்பு. பிற நிறுவனங்களும் இத்தகைய பெட்டிகளை வெளியிட்டன. பெரும்பாலும் ஒரு வகைப் பெட்டி மற்றொரு வகையுடன் பூட்டிக்கொள்ளாது. அடுக்கை நிறைவு செய்வதற்காகவே பெட்டி வாங்குவோரும், பெட்டியை நிரப்புவதற்காகவே கருவி வாங்குவோரும் உண்டு. பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்யும் வசதியுள்ளவருக்கு இது பொருந்தலாம். தொழிலையே நம்பிய கிராமத் தச்சருக்குக் கருவி என்பது முதலீடு. அது நாள்தோறும் தன் விலையைத் திருப்பித் தர வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு கருவியின் விலை 18,000 ரூபாய் என்றும், அது மூன்று ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 200 நாள் அதற்கு வேலை இருந்தால், மொத்தம் 600 நாள். ஒரு நாளைக்கு ஆகும் செலவு 30 ரூபாய். இது எளிதில் தாங்கக்கூடியது. அதே கருவிக்கு ஆண்டுக்குப் பத்து நாளே வேலை இருந்தால், மொத்தம் 30 நாள். ஒரு நாளைக்கு 600 ரூபாய் ஆகிறது. அத்தகைய கருவியை வாடகைக்கு எடுப்பதோ, சிலர் கூடிப் பொதுவில் வாங்குவதோ சிக்கனமாகும். கடைக்குச் செல்லுமுன், சென்ற ஆண்டில் இக்கருவி எத்தனை நாள் தேவைப்பட்டது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் எவை?

துளைப்பான், வட்ட ரம்பம், மின் இழைப்புளி ஆகிய மூன்றும் பெரும்பாலான வீட்டு வேலைகளுக்குப் போதும். பிளைவுட் வேலை மிகுந்தவருக்கு ஓரம் சீவவும் பள்ளம் எடுக்கவும் ரௌட்டரும், வளைவாக அறுக்க ஜிக்ஸாவும் அடுத்தபடி தேவைப்படும். மெருகு வேலை செய்பவருக்கு உப்புத்தாள் பொருத்தும் சாண்டர் உதவும். உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், சாணைக்கல் ஆகியவற்றின் இடம் ஒருபோதும் மறைவதில்லை. மூலைமட்டம் பிசகினால் எத்துணை விலையுயர்ந்த ரம்பமும் கோணலாகவே அறுக்கும்.

கம்பியா, பாட்டரியா?

18 வோல்ட்டும் 4 ஆம்பியர் மணியும் உடைய பாட்டரியில் அடங்கிய மின்சக்தி 72 வாட் மணி. ஆயிரம் வாட் இழுக்கும் கனத்த வேலையைத் தொடர்ந்து செய்தால் அது நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல் தாங்கும். திருகாணி முடுக்குதல், துளையிடுதல் போன்ற விட்டுவிட்டுச் செய்யும் வேலைகளுக்குப் பாட்டரி மிக உகந்தது; மின்சாரம் இன்னும் வராத புது வீட்டிலும் உதவும். தொடர்ந்து அறுப்பதற்கும் இழைப்பதற்கும் கம்பியுள்ள கருவியே விலைக்கும் உழைப்புக்கும் ஏற்றது.

பழுதுபார்க்கும் வசதியையும் நோக்க வேண்டும். கம்பியுள்ள சாதாரணக் கருவியில் கார்பன் பிரஷ் தேய்ந்தால் தச்சரே மாற்றிக்கொள்ளலாம்; ஆர்மேச்சர் கருகினால் உள்ளூர்ப் பட்டறையில் காயில் கட்டலாம். பிரஷ் இல்லாத மோட்டாருடைய பாட்டரிக் கருவி நெடுநாள் உழைக்கும். ஆயினும் அதன் மின்னணுப் பலகை பழுதானால் பெரும்பாலும் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கே அனுப்ப வேண்டும். சேவை நிலையம் எங்கே இருக்கிறது, உதிரிப் பாகம் கிடைக்குமா என்று கேட்டறிந்த பின்னரே பணம் கொடுத்தல் முறை. பெயர்பெற்ற கருவிகளுக்குப் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. ஆகவே வரிசை எண் குறித்த பில் பெறுவது அவசியம். உத்தரவாதம் கோருவதற்கும், களவு போனால் புகார் தருவதற்கும் அதுவே ஆதாரம்.

பெட்டியைத் தச்சரே செய்யலாம்

கருவிக்குப் பெட்டி ஆடம்பரமன்று. இரு சக்கர வண்டியில் சாக்குப் பையிலிட்டுக் கொண்டு செல்லும் கருவியின் பிடியும் கம்பியும் மோதி உடைகின்றன. மரத்தூள் மோட்டாருக்குள் புகுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரத்தில் இழைப்புளியின் அலகு துருப்பிடிக்கிறது. நல்ல பெட்டி இம்மூன்றையும் தடுக்கும்.

ஆனால் பிறருக்கெல்லாம் பெட்டி செய்து தரும் தச்சர், தமக்குப் பெட்டியை அதிக விலைக்கு வாங்க வேண்டியதில்லை. வேலையில் மீதமாகும் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டைக் கொண்டு அழகிய பெட்டி செய்யலாம். எல்லாப் பெட்டிகளுக்கும் நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கட்டும். உயரம் மட்டும் கருவிக்கேற்ப மாறலாம். அப்போது அவை ஒன்றன்மேல் ஒன்றாக அமரும். உள்ளே கருவியின் வடிவுக்கேற்பத் தடுப்புப் பலகை வைத்தால் கருவி அசையாது. பிளேடுகளுக்கும் துளைப்பு அலகுகளுக்கும் தனி அறை வேண்டும். மூடியின் உட்புறத்தில் உள்ளே இருக்கும் பொருள்களின் பட்டியலை ஒட்டி வைத்தால், மாலையில் வேலை முடிந்ததும் எது விடுபட்டது என்று உடனே தெரியும். பாட்டரி உள்ள பெட்டியை வெயிலில் நிறுத்திய வண்டியில் விட்டுவைக்கக் கூடாது. சூடான பாட்டரியை ஆறிய பின்னரே சார்ஜ் செய்ய வேண்டும்.

உடலுக்கு ஊறு வராமல் காத்தல்

பளிங்குக் கல் அறுக்கும் நான்கு அங்குலக் கட்டிங் மெஷினில் மரம் அறுக்கும் பிளேடைப் பூட்டி, மறைப்புத் தகட்டையும் கழற்றிவிட்டு வேலை செய்யும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. அந்த யந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் சுற்று சுழல்வது. மரத்துக்குரிய வட்ட ரம்பம் பொதுவாக ஐயாயிரம் சுற்று அளவிலேயே சுழலும். மரத்தில் பிளேடு இறுகும் கணத்தில் யந்திரம் பின்னோக்கி உதைக்கிறது. மறைப்பு இல்லாவிடில் அது விரலையோ தொடையையோ தாக்கும். சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்த விரலைப் பணயம் வைக்கலாகாது. கூட்டங்கூட்டமாகச் சேகரித்த கருவிகளை விட, மறைப்புத் தகடு குறையாத ஒரே வட்ட ரம்பம் மேலானது.

மரத்தூளும் அபாயமானது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995இல் வெளியிட்ட அறிக்கையில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் மரத்தூளையும் சேர்த்தது. எனவே என்-95 வகை முகக்கவசமும், கண்ணாடியும், காதடைப்பானும் கருவியுடன் சேர்த்தே வாங்கத்தக்கவை. நீளமான மெல்லிய கம்பியில் கனத்த கருவியை இயக்கினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். தடித்த கம்பியே பயன்படுத்த வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம் பட்டறையில் இருப்பது உயிர் காக்கும். வேலைக்கு அழைக்கும் வீட்டுக்காரரும் இவற்றைக் கவனிக்கக் கடமைப்பட்டவரே.

பணவசதியும் பஞ்சாயத்தின் பங்கும்

தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. மர வேலைப்பாடு உள்ளிட்ட 25 வகைக் கைத்தொழில்களுக்காக அமைந்த அத்திட்டத்தில், 35 வயது நிறைந்த கைவினைஞருக்கு 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், கடனில் 25 வீதம், 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமும், வட்டியில் 5 வீதம் வரை சலுகையும் வகுக்கப்பட்டன. நடப்பு விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டறிந்து விண்ணப்பிக்கலாம். கடன் கிடைக்கிறது என்பதற்காகவே கருவி வாங்காமல், மேற்கூறிய நாட்கணக்கைப் போட்டுப் பார்த்து வாங்குவோர் தவணையையும் தவறாமல் கட்டுவர்.

ஆண்டுக்குச் சில நாட்களே தேவைப்படும் பெரிய யந்திரங்களுக்கு வேறு வழி வேண்டும். பலகையின் கனத்தைச் சீராகச் சீவும் யந்திரம், மேசை ரம்பம், தூள் உறிஞ்சும் யந்திரம் ஆகியவற்றை நான்கைந்து தச்சர் கூடிப் பொதுவில் வாங்கி ஓரிடத்தில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு இடமும் ஊக்கமும் தரப் பஞ்சாயத்தார் முன்வரலாம். எடுத்துச் செல்பவரின் பெயரும் நாளும் எழுத ஒரு பதிவேடு, சிறு முன்பணம், திருப்பித் தரும்போது மூடியிலுள்ள பட்டியலுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல், பழுதுச் செலவுக்காக நாள் வாடகையில் ஒரு பங்கு ஒதுக்குதல் ஆகிய நான்கு விதிகள் இருந்தால் பொதுக் கருவி பாழாவதில்லை. எவருடைய பொறுப்பும் இல்லாத பொதுப் பொருள் துருவேறும் என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பது முதற்கடமை.

ஆயுத பூஜையன்று கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு வணங்கும் நல்வழக்கம் நம்மிடம் உண்டு. அன்றைய தினமே ஆண்டுப் பரிசோதனை நாளாகவும் அமையட்டும். கார்பன் பிரஷ் தேய்ந்துள்ளதா, கம்பியின் உறை கிழிந்துள்ளதா, மறைப்புத் தகடு சரியாக மூடுகிறதா என்று பார்த்து, ஓராண்டாகப் பெட்டியை விட்டு வெளிவராத கருவி எது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். அக்கருவியை விற்றோ, பொதுக் கிடங்கில் சேர்த்தோ, வரும் பணத்தால் கடனைக் குறைக்கலாம். அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபையில் பொதுக் கருவிக் கிடங்கு பற்றிய யோசனையை எடுத்துரைக்கலாம். ஊரில் தச்சர் நிலைத்திருந்தால் ஊர்ப் பணம் ஊரிலேயே தங்கும். அவருடைய பிள்ளைகளும் தொழிலைத் தேடி நகரத்துக்குப் போக வேண்டிய நிர்ப்பந்தம் குறையும்.