எலுமிச்சம்பழப் பானகம்

பங்குனித் திங்கள் பாதி கழியுமுன்னரே நம் விடுதியின் குடிநீர்ப் பானையைச் சூழ்ந்து கூட்டம் பெருகிவிடுகின்றது. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றும், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்றும் நம் முன்னோர் பருவம் வகுத்துள்ளனர். இளவேனில் என்ற அளவிலே தென்றலும் மாந்தளிரும் குயிலின் குரலும் புலவர் நெஞ்சில் எழுந்தன. திருநெல்வேலிச் சீமையில் பயிலும் எமக்கோ அப்பருவத்தில் நினைவிற்கு வருவது தண்ணீர் ஒன்றே. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பிற்பகலிற் பாலைத்திணைப் பாடம் நிகழுங்கால், உரையாசிரியர் துணையின்றியே அத்திணை எமக்கு நன்கு விளங்கிவிடுகின்றது.

இத்தகைய காலத்திற் பருகுதற்குரியவற்றுள் எலுமிச்சம்பழப் பானகத்தினும் எளிதாக அமைக்கத்தக்கது பிறிதொன்று இல்லை என்று யாவரும் கூறுவர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு விடுதி விளையாட்டு விழாவின்போது, நெடுந்தூர ஓட்டத்திற் கலந்துகொள்வார்க்குப் பானகம் அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. மறுநாட் காலையில் வேலை குறையட்டும் என்று கருதி, முதல்நாள் இரவிலேயே இருநூறு பழங்களை அறுத்து, தோல் நசுங்கும்வரை முறுக்கிப் பிழிந்து, விதையும் சக்கையும் நீக்காமல் ஒரு பித்தளை அண்டாவில் நிரப்பி மூடிவைத்தோம். விடிந்தபின் நீரும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கி ஒரு துளியை நாவில் இட்டபொழுது, கசப்பும் களிம்பின் சுவையும் ஒருங்கே தாக்கின. மேலும் சர்க்கரை கொட்டினோம்; கசப்பு இனித்ததேயன்றி ஒழியவில்லை. ஓடிவந்தவர் ஒருவாய் பருகி உமிழ்ந்துவிட்டு ஓடினர். அவருள் எம் வகுப்புத் தோழர் ஒருவர், வறண்ட நாவோடு ஓடிச்சென்று, எல்லைக்கு இன்னும் சிறிது தொலைவே இருக்க, மயங்கி விழுந்தார். நிழலிற் கிடத்தி உடலை நனைத்து விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். மாலையில் அவர் நலமாகத் திரும்பினார் எனினும், அவ்வண்டாவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த எமக்கு அவர் முகத்தைப் பார்க்க நாணமாயிருந்தது. அப்பானகம் கெட்டது யாதனால் என்று வேதியியல் பயிலும் நண்பரையும் விடுதிச் சமையற்காரரையும் மாறிமாறி வினவியும் நூல்களைத் தேடியும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலிற் கசப்பைப் பற்றிக் கூறுவோம். எலுமிச்சம்பழத்தின் புறத்தோலில் கண்ணுக்கு அரிதிற் புலப்படும் சிறு பைகள் உள்ளன. அவற்றிலுள்ள எண்ணெயே பழத்தின் மணத்திற்குக் காரணம். அது துளியளவு சாற்றிற் சேர்தல் நன்று. மிகுமாயின் நாவிற் காந்தலை உண்டாக்கும். அத்தோலின் உட்புறத்தில் பஞ்சுபோன்ற வெண்தோலும், சுளையை மூடிய சவ்வும், விதையும் உள்ளன. லிமோனின் என்னும் கசப்புப் பொருளுக்கு இவையே உறைவிடம். இதில் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. வெண்தோலிலும் சவ்விலும் இப்பொருள் பெரும்பாலும் கசப்பற்ற வேறொரு வடிவில் அடங்கியிருக்கின்றது. பழம் நசுக்குண்டு அது புளித்த சாற்றோடு கலந்த பின்னரே, புளிப்பின் வயப்பட்டுச் சிறிது சிறிதாக லிமோனினாக மாறுகின்றது. ஆதலின் பிழிந்த உடனே சுவைத்துப் பார்த்து 'நன்று' என்று மூடிவைத்த சாறு, சில மணி நேரம் கழித்துக் கசக்கின்றது. யாம் முறுக்கிப் பிழிந்தது முதற்பிழை. விதையை நீக்காதது இரண்டாவது. இரவு முழுதும் வைத்தது மூன்றாவது. சர்க்கரையால் இக்கசப்பை மாற்றுதல் இயலாது. சிறிது உப்பு ஒருவாறு அதனை அடக்கும் என்பதை நாரத்தங்காயை உப்பிலிட்டு உண்ணும் நம்மவர்க்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை.

இனிக் களிம்பு. எலுமிச்சஞ் சாற்றின் நூறு பங்கில் ஏறத்தாழ ஆறு பங்கு சிட்ரிக் அமிலம் ஆகும். 1784ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஷீலே என்பவர் இதனைச் சாற்றினின்றும் பிரித்துப் படிகமாக எடுத்தார். இவ்வமிலம் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பித்தளைப் பாத்திரத்தை எலுமிச்சந் தோலாலும் புளியாலும் தேய்த்துப் பளபளப்பாக்குகின்ற நாம், அதே சாற்றை அப்பாத்திரத்தில் இரவெல்லாம் ஊறவைத்தால் பாத்திரந்தானே சாற்றில் இறங்கும் என்பதை எண்ணாதது எத்துணைப் பேதைமை! செம்பு கரைந்த நீரைப் பருகினால் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். எனவே எம் தோழர்கள் அன்று உமிழ்ந்தது எமக்கு அவமானமாயினும் அவர்க்கு நன்மையேயாயிற்று. பீங்கான் சாடி, கண்ணாடி, எவர்சில்வர் என்னும் இவற்றுள் ஒன்றையே கைக்கொள்ளல் வேண்டும். ஊறுகாயைப் பீங்கான் சாடியில் இட்டுத் துணியால் வேடுகட்டும் பாட்டியார், ஷீலேயின் பெயரைக் கேட்டிராமலே இதனை அறிந்திருந்தனர்.

செம்பினால் நேரும் கேடு சுவையளவில் நிற்பதன்று. இச்சாற்றில் வைட்டமின் ஸி என்னும் உயிர்ச்சத்து உண்டு. காற்றும் வெப்பமும் அதனைச் சிதைக்கும். செம்பு கலந்துவிடின் அச்சிதைவு மிக விரையும். இவ்வுண்மையை அறியாமையால் ஒரு கப்பற்படையே துன்புற்ற வரலாறு உண்டு. ஆங்கிலேய மாலுமிகள் நெடும்பயணத்தில் ஸ்கர்வி என்னும் நோயால், ஈறு வீங்கிக் குருதி கசிந்து, பழம்புண்கள் மீண்டும் திறக்க, திரள்திரளாக மாண்டனர். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் உண்ட இருவரே ஆறு நாட்களுக்குள் தெளிவாகத் தேறினர். எனினும் 1795இல்தான் பழச்சாறு அப்படை முழுவதற்கும் கட்டளையாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தது சொல்லாராய்ச்சி செய்வாரும் கேட்கத்தக்கது. லெமன், லைம் என ஆங்கிலத்தில் இரு பெயர்கள் உள. முன்னது மத்தியதரைக்கடல் நாடுகளில் விளையும் நீண்ட, தடித்த தோலுடைய பழம்; பின்னது நம் நாட்டு எலுமிச்சை போன்ற சிறிய, உருண்ட, மெல்லிய தோலுடைய பழம். அக்காலத்தார் இவ்விரு பெயரையும் வேறுபாடின்றி வழங்கினர். 1860களில் மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாற்றை லெமன் சாற்றிற்கு மாற்றாகக் கப்பலில் ஏற்றினர். பெயர் ஏறக்குறைய ஒன்றாயிருந்தமையால் பொருளும் ஒன்றே என்று கருதினர் போலும். புளிப்பு மிகுந்திருந்த அச்சாற்றில் உயிர்ச்சத்துக் குறைந்திருந்தது. வடித்தும் நெடுநாள் வைத்தும் வழங்கியமையால் இருந்ததும் அழிந்தது. 1875-76இல் வடதுருவத்தை நாடிச் சென்ற நேர்ஸ் என்பாரின் குழுவினர், சாற்றைக் கையில் வைத்திருந்தும் ஸ்கர்வியால் வருந்தினர். நோயைத் தடுப்பது புளிப்பன்று, வேறொரு பொருள் என்பது பின்னரே துணியப்பட்டது. அப்பொருளைப் பிரித்தறிந்த ஆய்விற்காக ஹங்கேரி நாட்டு ஸென்ட்-கியோர்கி 1937இல் நோபெல் பரிசு பெற்றார். நம் எலுமிச்சை இவ்வகையில் நெல்லிக்கனிக்கும் கொய்யாவிற்கும் மிகப் பின்தங்கியதே. ஆயினும் புதிதாகப் பிழிந்து உடனே பருகுவார்க்கு அது தரும் அளவு இகழத்தக்கதன்று.

நிற்க. பானகம் செய்யும் முறையைக் கூறுவோம். புளியங்குடிச் சந்தையிலிருந்து நம் பக்கத்திற்கு வரும் பழங்களுள், மஞ்சள் நிறம் ஏறி, தோல் மெலிந்து வழவழப்பாய், கையில் எடுத்தால் அளவிற்கு மீறிய கனம் தோன்றுவனவற்றைத் தெரிந்தெடுக்க. முண்டும் முடிச்சுமாய்ப் பருத்த பழம் பெரும்பாலும் தோலே. தெரிந்த பழத்தைக் கழுவி, பலகைமேல் இட்டு உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் உள்ளேயுள்ள சாற்றறைகள் உடைந்து, மென்மையாகப் பிழிந்தாலே சாறு மிகுதியாகக் கிட்டும். குறுக்கே அறுத்து, விதைகளைக் கத்தி முனையால் நீக்கியபின், ஒருமுறை பிழிந்து நிறுத்துக. கடைசித் துளிக்கு ஆசைப்பட்டு முறுக்குதல் ஆகாது. அத்துளியிலே கசப்பு வாழ்கின்றது. பின்னர் வடிகட்டுக.

சர்க்கரையை அப்படியே இட்டுக் கலக்கலாமாயினும், பலர்க்கு அமைக்குங்கால் பாகாகக் காய்ச்சி வைத்துக்கொள்ளல் எளிது. நீர் ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு அளந்து அடுப்பிலேற்றி, கொதிக்கும்பொழுது சில துளி எலுமிச்சஞ் சாறு விடுக. அத்துளிகள் சர்க்கரையின் ஒரு பகுதியை வேறிரு எளிய சர்க்கரைகளாகப் பிரித்துவிடுவதால், பாகு ஆறியபின் கற்கண்டுபோல் உறையாது. மேலே திரளும் அழுக்கை அகப்பையால் எடுத்துவிட்டு வடிகட்டி முற்றிலும் ஆறவிடுக. எஞ்சிய சாறு முழுவதையும் பருகும் வேளையிலேதான், குளிர்ந்த நீரிற் சேர்த்தல் வேண்டும். கொதிக்கும் பாகிற் சாற்றைக் கொட்டினால் மணமும் போம், சத்தும் குறையும். ஒரு லிட்டர் நீருக்கு நான்கு பழங்களின் சாறும், ஏறத்தாழ நூறு கிராம் சர்க்கரைக்கு ஈடான பாகும், கால் தேக்கரண்டி உப்பும் எம் அனுபவத்திற் பொருந்தின. சர்க்கரைக்கு மாறாகப் பனைவெல்லம் இட்டுச் சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டால் அதுவே கோயில் திருவிழாக்களில் வழங்கும் பானகத்திற்கு இனமாகும். எமக்கு அது இதனினும் உவப்பு. நன்னாரி வேரின் நடுத்தண்டை நீக்கிப் பட்டையை மட்டும் இடித்துப் பாகில் ஊறவைப்பாரும் உளர்.

உப்பு எதற்கு என்று வினவுவார் உண்டு. வியர்வையில் நீர் மட்டும் வெளியேறுவதில்லை, உப்பும் வெளியேறுகின்றது. மேலும், சிறுகுடலின் சுவரில் உப்பும் சர்க்கரையும் இணைந்தே உட்புகுவதற்கு ஒரு வாயில் உண்டென்றும், அவை புகுங்கால் நீரும் உடன் செல்லும் என்றும் அறிவியலார் கண்டனர். ராபர்ட் கிரேன் 1960இல் இவ்வாயிலைப் பற்றிய கருத்தை வெளியிட்டார். அவ்வறிவு ஏட்டோடு நிற்கவில்லை. 1971இல் வங்காள தேசப் போரினால் ஓடிவந்த அகதிகளிடையே போன்காவ் என்னுமிடத்தில் வாந்திபேதி பரவியபொழுது, நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாயாற் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்கிற்கும் குறைந்தது. ஆயினும் யாம் கூறிய பானகம் அந்நோய்க்கு மருந்தன்று. சர்க்கரை மிகுந்த நீர் பேதியைப் பெருக்கிவிடும். மருந்துக்கடையில் அதற்கென விற்கும் பொடி கிட்டாத இடத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுத்துக்கொண்டே மருத்துவரை நாடுதல் வேண்டும். நீரிழிவுடையாரும் குருதியழுத்தமுடையாரும் எம் அளவைத் தமக்குரிய அளவாகக் கொள்ளற்க.

எலுமிச்சஞ் சாறு விட்டால் எந்நீரும் தூயதாகும் என்றொரு நம்பிக்கை ஊர்ப்புறங்களில் நிலவுகின்றது. அதனை நம்பிக் குளத்துநீரைக் கலத்தல் தீது. நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி மட்பானையில் ஊற்றுக. பானையின் நுண்டுளை வழியே கசியும் நீர் ஆவியாகுங்கால் உள்ளேயுள்ள நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். இது வறண்ட காற்றுடைய நம் ஊரில் நன்கு நிகழ்வதுபோலச் சென்னைக் கடற்கரையின் ஈரக்காற்றில் நிகழ்வதில்லை. அதனாற்றானோ அந்நகரத்துத் துரைமார், அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டியைக் கப்பலில் வருவித்து, 1842இல் எழுப்பிய கட்டிடத்தில் சேமித்தனர்! ஐஸ் ஹவுஸ் என்று வழங்கிய அது இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகின்றது. பனிக்கட்டி இடுவார்க்கு ஒரு சொல்: நீர் உறைவதனால் அதிலுள்ள நோய்க்கிருமிகள் எல்லாம் மடிவதில்லை. எந்நீரால் ஆனதென்று அறியாத கட்டியைச் சேர்ப்பதினும் சேர்க்காமை நன்று.

இவ்வாண்டும் விளையாட்டு விழாவிற் பானகப் பொறுப்பை யாமே வேண்டிப் பெற்றோம். விடுதி நண்பர் சிலர் நகைத்தனர். பாகை முதல்நாளே காய்ச்சி வைத்தோம். நீரும் காய்ச்சிப் பானைகளில் ஆறிற்று. ஓட்டம் தொடங்க அரைமணி இருக்கும்போது அறுவர் அமர்ந்து பழங்களைப் பிழிந்தோம். சென்ற ஆண்டு மயங்கி விழுந்த தோழர் முதற் குவளையை வாங்கி, ஐயத்தோடு எம்மை நோக்கி, ஒருவாய் சுவைத்து, பிறகு முழுவதும் பருகி மீண்டும் குவளையை நீட்டினார். பரிசு பெறவில்லையாயினும் எல்லைவரை ஓடி முடித்தார். பதினொரு மணிக்கெல்லாம் பானைகள் வெறுமையாயின. பிழிந்து குவித்த தோல்களை எறியப் போகையில் சமையற்காரர் தடுத்து வாங்கிச் சென்று உப்பிலிட்டு வெயிலில் வைத்தார். அவை இப்பொழுது நாள்தோறும் காலையிற் கஞ்சிக்குத் துணையாக வருகின்றன. சிறிது கசக்கத்தான் செய்கின்றன.