பண்பாடுகளுக்கிடையேயான பேச்சுவார்த்தை

பண்பாடுகளுக்கிடையேயான பேச்சுவார்த்தை என்பது வெவ்வேறு மொழி, வழக்கம், விழுமியம் ஆகியவற்றைக் கொண்ட தரப்பினர் ஓர் உடன்பாட்டை எட்டும் பொருட்டுப் பேசிக்கொள்வதைக் குறிக்கும். வணிகம், அரசுறவு, பிணக்குத் தீர்வு ஆகிய துறைகளில் இது ஆராயப்படுகின்றது.

சூழல் சார்பு

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால், 1976 இல் வெளியிட்ட நூலில், சூழல் சார்பு மிகுந்த தொடர்பாடல், குறைந்த தொடர்பாடல் என இரு வகைகளை விளக்கினார். பின்னதில் பொருள் சொற்களிலேயே அடங்கியிருக்கும். முன்னதில் யார், யாரிடம், எப்போது கூறினார் என்பதையும் சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும். அங்கு "இல்லை" என்று நேரடியாகக் கூறுவது அரிது. மௌனமும் காலந்தாழ்த்தலும் மறுப்பாக அமையலாம். தமிழில் "பார்க்கலாம்" என்பது பல வேளைகளில் மறுப்பே என்பதை இதனுடன் ஒப்பிடலாம். இவை ஓர் அளவுகோலின் இரு முனைகளே; ஒரு நாட்டினர் அனைவரையும் ஒரே வகைக்குள் அடக்குவது பொருந்தாது.

சாட்டோ - நிக்சன் சந்திப்பு, 1969

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இது. 1969 நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஐசாக்கு சாட்டோ வாசிங்டனில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சனைச் சந்தித்தார். ஒக்கினாவாவைத் திரும்பப் பெறுவது சாட்டோவின் நோக்கம். ஜப்பானியத் துணி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவது நிக்சனின் கோரிக்கை. சாட்டோ "சென்சோ சிமாசு" என்றார் எனவும், "இயன்றதைச் செய்வேன்" என மொழிபெயர்க்கப்பட்ட அத்தொடர் உண்மையில் நயமான மறுப்பு எனவும் கூறப்படுகின்றது. கட்டுப்பாடு வராததால் நிக்சன் சினமுற்றார்.

ஆனால் இவ்விளக்கத்தை முழுமையாக ஏற்பதற்கில்லை. சாட்டோவின் இரகசியத் தூதராக என்றி கிசிஞ்சருடன் பேசிய கெய் வக்கைசுமி, துணி பற்றி முன்கூட்டியே மறைவான இணக்கம் ஏற்பட்டிருந்ததை 1994 இல் தமது நூலில் வெளிப்படுத்தினார். தம் நாட்டுத் துணித் தொழிலின் கடும் எதிர்ப்பால் சாட்டோவால் அதை நிறைவேற்ற முடியவில்லை. அரசியல் காரணங்களால் நேர்ந்த தோல்வி பண்பாட்டின் மீது சுமத்தப்படுவது உண்டு என்பதால், மொழிபெயர்ப்புப் பிழை எனும் கதையை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். துணி உடன்பாடு 1971 அக்டோபரில்தான் எட்டப்பட்டது. ஒக்கினாவா 1972 மே 15 இல் ஜப்பானிடம் திரும்பியது.

நடுவரின் பங்கு

இரு தரப்பும் ஒரே சொல்லுக்கு வேறு பொருள் கொள்ளும்போது நடுவர் அதைத் தெளிவுபடுத்தலாம், அல்லது அவ்வாறே விட்டுவைக்கலாம். 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட்டில் 13 நாட்கள் நடந்த பேச்சுவார்த்தையில் நடுவராக இருந்த ஜிம்மி கார்ட்டர் இரண்டாவது வழியையும் கையாண்டார். இசுரேலியப் பிரதமர் மெனாகெம் பெகின் ஒவ்வொரு சொல்லையும் ஆராய்பவர். எகிப்தியத் தலைவர் அன்வர் சதாத் பொதுக் கொள்கைகளை முதன்மையாகக் கருதியவர். தொடக்க நாட்களுக்குப் பின் அமெரிக்கக் குழு இருவரையும் நேருக்கு நேர் பேசவிடாமல், ஒரே வரைவைத் திருத்தித் திருத்தி இருபுறமும் கொண்டுசென்றது. உடன்பாட்டில் "மேற்குக் கரை" எனும் சொல் இருந்தது. அதை இசுரேல் "யூதேயா, சமாரியா" எனவே பொருள் கொள்ளும் என்பதைக் கார்ட்டர் தனிக் கடிதத்தில் பதிவு செய்தார். எகிப்து - இசுரேல் அமைதி ஒப்பந்தம் 1979 மார்ச் 26 இல் கையெழுத்தானது. மேற்குக் கரை, காசா ஆகியவற்றின் தன்னாட்சி பற்றிய பேச்சுகளோ முடிவு எட்டாமலே நின்றுபோயின.