உயரம் தெரியும், எடை எவ்வளவு?

கம்பம், சின்னமனூர் பக்கம் திராட்சைப் பெட்டியை எடை போடாமல் யாரும் லாரியில் ஏற்றுவதில்லை. நம்மை எடை போட்டு எத்தனை நாளாச்சு, நேயர்களே?

உயரத்துக்கு ஏற்ற எடை எவ்வளவு என்று 1974-இல் டிவைன் என்பவர் ஒரு கணக்குச் சொன்னார். ஐந்தடி உயரத்துக்கு ஆணுக்கு 50 கிலோ, பெண்ணுக்கு 45.5 கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 2.3 கிலோ கூட்டணும். ஐந்தடி நான்கு அங்குலம் என்றால் ஆணுக்கு ஏறக்குறைய 59, பெண்ணுக்கு 55 கிலோ. மருந்தின் அளவை முடிவுசெய்யப் போட்ட கணக்குத்தான் இது. அழகுப் போட்டிக்கு அல்ல! ரெண்டு மூணு கிலோ முன்னேபின்னே இருந்தால் பதற வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது பொருந்தாது.

வரப்பில் சுமை தூக்கி உரமேறிய உடம்பு, கல்லாவில் உட்கார்ந்தே இருக்கும் உடம்பைவிடக் கூடுதல் எடை காட்டலாம். தசைக்கும் கனம் உண்டு. ஆக, எடையை மட்டும் பார்த்தால் போதாது; இந்தியர்களுக்குத் தொப்பைதான் பெரிய வில்லன். அதனால் தையல்காரரின் டேப்பை இடுப்பைச் சுற்றிப் பிடிச்சுப் பாருங்க. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள்.